ஏரியும் கலிங்கும்: லாக் சேகரிக்கும் கருவியைத் தேடும் நாமக்கல் வாசகிக்கு

கேள்வி

நாமக்கல்லில் லாரி புக்கிங் அலுவலகங்களுக்கு மென்பொருள் செய்து தரும் சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மொத்தம் 11 பேர்; சர்வர்களைக் கவனிப்பது நானும் இன்னொருவரும். ஒரே சர்வரில் ஓடிக்கொண்டிருந்த மென்பொருளைப் போன வருடம் 14 சேவைகளாகப் பிரித்து, பல சர்வர்களில் சேவைகளை ஓட்டிக் கவனிக்கும் குபர்நெட்டீஸில் 6 நோடுகளில் (சர்வர்களில்) ஏற்றினோம். பில் போடும் பகுதி மட்டும் இன்னும் பழைய லினக்ஸ் சர்வரிலேயே இருக்கிறது. சென்ற மாதம் ஒரு எல்.ஆர். (லாரி சரக்கு ரசீது) பதிவானது, ஆனால் சரக்கு இறக்கும் ஊரின் குடோன் திரையில் அது வரவே இல்லை. ஐந்து மணி நேரம் ஒவ்வொரு இடமாகத் தேடினோம். நுழைவுச் சேவையின் லாக்கில் (சேவை தான் செய்வதை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவில்) அந்த எல்.ஆர். 20:40-க்கு இருக்கிறது. பில் சர்வரில் 02:10-க்கு இருக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய புக்கிங் சேவையின் லாக் இல்லவே இல்லை; விடிகாலையில் புதிய பதிப்பை ஏற்றியபோது பழைய பாட் (குபர்நெட்டீஸில் ஒரு சேவை ஓடும் உறை) போய்விட்டது. இனி எல்லா லாக்கையும் ஒரே இடத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். நாளொன்றுக்குச் சுமார் 12 ஜிபி வரும். ஒருவர் லாக்ஸ்டாஷ் என்கிறார், இன்னொருவர் லோக்கி என்கிறார், முதலாளி மாதக் கட்டணச் சேவை ஒன்றை வாங்கிவிடலாம் என்கிறார். எதை எடுப்பது?

பதில்

உங்கள் அலுவலகத்தில் நடப்பது, லாரி வாங்குவதா குடோன் வாங்குவதா என்ற வாக்குவாதம். லாக்ஸ்டாஷ் சரக்கை ஏற்றிக்கொண்டு போவது. லோக்கி சரக்கை இறக்கி அடுக்கி வைப்பது. முதலாளி சொல்லும் கட்டணச் சேவை, குடோனோடு வண்டியையும் சேர்த்து வாடகைக்குக் கொடுப்பது. மூவரும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்; பிறகு எப்படி முடிவு வரும்? முதலில் வண்டியைப் பார்ப்போம், குடோனுக்குப் பிறகு வருகிறேன். இந்த வண்டிக்குத் துறையில் ‘கலெக்டர்’ என்று பெயர். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டதும் திங்கட்கிழமை மனுவோடு வரிசையில் நிற்கத் தோன்றும் என்பதால், ‘சேகரிப்பான்’ என்றே எழுதுகிறேன்.

சேகரிப்பான்களின் அறிமுகப் பக்கங்களை வரிசையாகப் படித்தால் எல்லாம் ஒன்றையேதான் சொல்லும். கோப்பைப் படிப்பேன், ஜேசான் வடிவத் தரவைப் பிரிப்பேன், பாட்டின் பெயரை ஒட்டுவேன், நீங்கள் கேட்கும் இடத்துக்கெல்லாம் அனுப்புவேன். உண்மைதான், எல்லாமே இவற்றைச் செய்கின்றன. வேறுபாடு தெரிவது ஒரே ஒரு தருணத்தில்: குடோன் பூட்டியிருக்கும்போது. சேமிப்பகத்தின் டிஸ்க் நிறைந்துவிட்டது, அல்லது நெட்வொர்க் அறுந்துவிட்டது, அல்லது நீங்களே பதிப்பை உயர்த்துவதற்காக அதை நிறுத்திவைத்திருக்கிறீர்கள். உங்கள் 14 சேவைகளுக்கு அது தெரியாது, அவை எழுதிக்கொண்டேதான் இருக்கும். அந்த வரிகள் எங்கே நிற்கும்? எவ்வளவு நேரம் நிற்கும்? இடம் தீர்ந்தால் யார் விட்டுக்கொடுப்பது?

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏரி என்று ஒன்று இருந்தால் அதற்குக் கலிங்கு இருக்க வேண்டும். கொள்ளளவைத் தாண்டிய நீர் கலிங்கு வழியே வெளியேறும். கலிங்கு இல்லாமல் கரையை உயர்த்திக்கொண்டே போனால் ஒரு ராத்திரி கரை உடையும், கீழே இருக்கும் ஊர் போகும். ஏரியே வெட்டவில்லை என்றால் பெய்த மழை அப்படியே ஓடிவிடும். ஒரு சேகரிப்பானை எடை போடும்போது நான் பார்ப்பது அதன் ஏரி எங்கே, கலிங்கு எங்கே என்பதைத்தான்.

நீங்கள் பட்டியலில் வைத்திருக்கக்கூடிய கருவிகளை இந்தக் கண்ணோடு பார்த்தால், நிறுவியவுடன் இருக்கும் இயல்பான அமைப்புகள் கொஞ்சம் கலக்கம் தருகின்றன. லாக்ஸ்டாஷின் வரிசை இயல்பாக நினைவகத்தில் இருக்கிறது. அது விழுந்தால் கையில் இருந்தது போய்விடும். டிஸ்க் வரிசையை நீங்கள்தான் இயக்க வேண்டும். இயக்கினாலும் அதன் இயல்பான அளவு 1 ஜிபிதான். ஓப்பன்டெலிமெட்ரி சேகரிப்பானும் அனுப்பவேண்டியதை நினைவகத்தில்தான் வைத்திருக்கும். மறுமுனை பதில் சொல்லாவிட்டால் இயல்பாக 5 நிமிடம் முயன்றுவிட்டுக் கைவிடும். ஃப்ளூயன்ட் பிட்டில் இன்னும் மோசம்: தோற்ற அனுப்புதலை இயல்பாக ஒரே ஒரு முறைதான் மறுபடி முயலும், அதுவும் தோற்றால் அந்தக் கட்டு முழுவதும் குப்பைக்கு. மாறாக ஃப்ளூயன்ட்டி இடைவெளியைக் கூட்டிக்கூட்டி 72 மணி நேரம் வரை முயன்றுகொண்டிருக்கும். எலாஸ்டிக் நிறுவனத்தின் ஃபைல்பீட், மறுமுனை ‘வந்து சேர்ந்தது’ என்று சொல்லும்வரை விடாமல் அனுப்பும். கோப்பில் எதுவரை படித்தோம் என்ற குறிப்பை டிஸ்க்கில் எழுதிவைத்திருக்கும். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட வெக்டர், நினைவகத் தேக்கம் நிறைந்தால் மேலிருந்து வருவதை நிறுத்திப் பிடித்துக்கொள்ளும். இவை எல்லாவற்றையும் மாற்றி அமைக்கலாம். ஆனால் யாரும் மாற்றுவதில்லை. அமைப்புக் கோப்பு ஒன்றை எங்கிருந்தோ எடுத்து ஒட்டி, திரையில் நாலு வரி வந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் எழுந்தேன்.

‘கோப்பு நோடிலேயே இருக்கிறதே, சேமிப்பகம் எழுந்த பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாமே’ என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தக் கோப்பு எவ்வளவு நேரம் இருக்கும் என்று கணக்குப் போடுங்கள். குபர்நெட்டீஸில் பாட்டுக்குள் நிரல் ஓடும் ஒவ்வொரு கண்டெய்னரின் லாக்கையும் நோடைக் கவனிக்கும் க்யூப்லெட் என்ற நிரல் சுழற்றுகிறது, அதாவது கோப்பு நிறைந்ததும் புதியதைத் திறந்து மிகப் பழையதை அழிக்கிறது. இயல்பான அளவு கோப்பு ஒன்றுக்கு 10 எம்பி, மொத்தம் 5 கோப்பு. ஆக ஒரு கண்டெய்னருக்குச் சுமார் 50 எம்பிதான் இடம். உங்கள் புக்கிங் சேவை மாலை நெரிசலில் நொடிக்கு 100 கேபி எழுதுகிறது என்று வையுங்கள். 500 நொடியில், அதாவது எட்டே கால் நிமிடத்தில், பழைய கோப்பு அழிக்கப்படத் தொடங்கிவிடும். சேமிப்பகத்தை அரை மணி நேரம் நிறுத்திப் பதிப்பை உயர்த்துகிறீர்கள் என்றால், இருபது நிமிடத்துக்கு மேற்பட்ட லாக் எவர் கண்ணிலும் படாமல் போயிருக்கும். பாட்டை அழித்தால் 50 எம்பியும் சேர்ந்தே போகும். உங்கள் எல்.ஆர். விவகாரத்தில் விடிகாலையில் நடந்தது அதுதான்.

ஆகவே தேக்கம் சேகரிப்பானின் சொந்த டிஸ்க் இடத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஓர் உச்சவரம்பும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு ஒரு சனிக்கிழமை மிச்சமாகும்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், ஒரு வரிகூடத் தொலையக் கூடாது என்று கட்டளை. நான் டிஸ்க் தேக்கத்தை இயக்கினேன், மறுமுயற்சிக்கு வரம்பே வைக்கவில்லை, அளவுக்கும் வரம்பு வைக்கவில்லை. தேக்கக் கோப்புகள் இருந்தது, இயங்குதளமே இருக்கும் நோடின் மூல டிஸ்க்கில். ஒரு சனிக்கிழமை இரவு மைய லாக் சர்வரின் டிஸ்க் நிறைந்து அது எழுதுவதை நிறுத்தியது. சேகரிப்பான்கள் சொன்ன சொல் தவறாமல் தேக்கிக்கொண்டே போயின. டிஸ்க்கில் காலியிடம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் க்யூப்லெட் அதை நெருக்கடியாகக் கருதி பாட்களை வெளியேற்றத் தொடங்கும். ஒரு நோடிலிருந்து துரத்தப்பட்டவை அடுத்த நோடுக்குப் போய் அங்கே இன்னும் வேகமாக லாக் எழுதின, அதையும் நிரப்பின. அதிகாலை நாலு மணிக்கு நான் எழுந்து பார்த்தபோது விற்பனைச் சேவை நின்று ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. லாக் மட்டும் ஒரு வரி தொலையாமல் பத்திரமாக இருந்தது. அந்த லாக்கைப் புரட்டிப் பார்த்தால், கடை ஏன் மூடியது என்பதற்கான காரணம் அந்த லாக்கேதான்.

சரி, நான் எதை எடுப்பேன்? உங்கள் அளவுக்கு ஃப்ளூயன்ட் பிட். மேலே அதைத் திட்டிவிட்டு இப்போது அதையே சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். அதன் குறைகள் நாலு வரி மாற்றினால் தீர்பவை. நிறைகள் எழுதி வாங்க முடியாதவை. சிறு கருவிகளில் ஓடுவதற்கென்று சி மொழியில் எழுதப்பட்டது, ஆகவே நோடு ஒன்றில் சில பத்து எம்பி நினைவகத்தில் அடங்கிவிடும். லாக்ஸ்டாஷ் ஜாவா இயந்திரத்தில் ஓடுவது. அதற்கு இயல்பாகவே 1 ஜிபி ஒதுக்க வேண்டும். அதனால்தான் அதை நோடுதோறும் வைக்காமல், ஃபைல்பீட்டை முன்னால் நிறுத்தி அதை நடுவில் வைப்பது வழக்கம். அப்படி வைத்தால் இரண்டு கருவிகளைப் பராமரிக்க வேண்டும். நீங்கள் இரண்டே பேர்.

அமைக்கும்போது இவற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். தேக்கத்தை நினைவகத்திலிருந்து டிஸ்க்குக்கு மாற்றுங்கள். மறுமுயற்சியின் வரம்பை எடுத்துவிடுங்கள். சேமிப்பகத்துக்கு அனுப்பும் பகுதியில் மொத்தத் தேக்க அளவுக்கு உச்சவரம்பு வையுங்கள். அதைத் தாண்டினால் மிகப் பழைய கட்டு கழிக்கப்படும், அதுதான் உங்கள் கலிங்கு. எவ்வளவு வைப்பது? நாளுக்கு 12 ஜிபி என்றால் நொடிக்குச் சராசரி 140 கேபி. நெரிசலில் ஐந்து மடங்கு என்று வைத்தால் 700 கேபி. நாலு மணி நேரம் சேமிப்பகம் விழுந்து கிடந்தால் 10 ஜிபி. ஆறு நோடுகளுக்குப் பிரித்தால் நோடு ஒன்றுக்கு 1.7 ஜிபி. சேவைகள் சமமாகப் பரவியிருக்காது என்பதால் 5 ஜிபி ஒதுக்குங்கள். முடிந்தால் மூல டிஸ்க்கில் வேண்டாம், தனிப் பகிர்வில் வையுங்கள். காரணம் மேலே சொன்ன சனிக்கிழமை.

அடுத்தது, கோப்பில் எதுவரை படித்தோம் என்ற குறிப்பு. ஃப்ளூயன்ட் பிட் இதை ஒரு சிறு தரவுக் கோப்பில் வைத்துக்கொள்ளும், ஆனால் நீங்கள் கேட்டால்தான். கேட்காவிட்டால், மறுபடி எழும்போது கோப்பின் வாலிலிருந்து படிக்கத் தொடங்கும். விழுந்து எழுந்த இடைவெளியில் எழுதப்பட்டவை போனவைதான். அந்தத் தரவுக் கோப்பும் தேக்கக் கோப்புகளும் நோடின் அடைவில் இருக்க வேண்டும், கண்டெய்னருக்குள் இருக்கக் கூடாது. கண்டெய்னருக்குள் வைத்தால், நினைவாற்றலுக்காக வாங்கிய நோட்டுப் புத்தகத்தை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்த கதைதான்.

பல வரிகளாக வரும் பிழைச் செய்திகளை நோடிலேயே ஒன்று சேர்த்துவிடுங்கள். ஜாவா சேவை ஒன்று விழும்போது நாற்பது வரி கக்கும். அவை நாற்பது தனித்தனிப் பதிவுகளாகப் போய்ச் சேர்ந்தால் தேடுபவருக்குப் பயனில்லை. கண்டெய்னர்களை ஓட்டும் கண்டெய்னர்டி நீளமான வரியை 16 கேபி துண்டுகளாக வெட்டி எழுதும் என்பதையும் நினைவில் வையுங்கள். துண்டுகளை ஒட்டும் வசதி இருக்கிறது, அதை இயக்க வேண்டும். பதிப்பையும் அவ்வப்போது உயர்த்துங்கள். 2024 மே மாதத்தில் ஃப்ளூயன்ட் பிட்டின் கண்காணிப்பு வாயிலில் ஒரு மோசமான நினைவகப் பிழை வெளிவந்து, 3.0.4 பதிப்பில் சரி செய்யப்பட்டது. அந்த வாயில் உங்களுக்குத் தேவையில்லை என்றால் திறக்கவே வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு. அடுத்த ஒரு வருடத்தில் சேவைகளுக்கிடையே போகும் கோரிக்கைகளின் தடத்தையும் பதிவு செய்யப்போகிறீர்கள் என்றால், இப்போதே ஓப்பன்டெலிமெட்ரி சேகரிப்பானை எடுத்துவிடுங்கள். 2019-ல் இரண்டு திட்டங்கள் ஒன்றாகி உருவானது அது. லாக், அளவீடு, தடம் மூன்றையும் ஒரே வண்டியில் ஏற்றலாம். அதற்கும் கோப்புச் சேமிப்பு நீட்டிப்பை இணைத்தால் படித்த இடமும் தேக்கமும் டிஸ்க்கில் நிற்கும். ஆனால் ‘என்றாவது தேவைப்படும்’ என்பதற்காக எடுக்காதீர்கள். ஒருவேளை யாராவது கூட்டத்தில் எழுந்து நடுவில் காஃப்கா என்ற பெரிய செய்தி வரிசை அமைப்பை வைக்கலாம் என்று சொன்னால், நாளுக்கு 12 ஜிபி என்ற எண்ணைப் பலகையில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுங்கள்.

இனி குடோன். எலாஸ்டிக்சர்ச், லாக்கின் ஒவ்வொரு சொல்லையும் அகரவரிசைப்படுத்தி வைக்கும். எந்தச் சொல்லைக் கேட்டாலும் உடனே எடுத்துத் தரும். பதிலுக்கு டிஸ்க்கும் நினைவகமும் தாராளமாகக் கேட்கும். 2018 டிசம்பரில் அறிமுகமான லோக்கி, சேவையின் பெயர், சூழல் போன்ற சில லேபிள்களை மட்டும் அட்டவணைப்படுத்தும். உள்ளடக்கத்தைச் சுருக்கி அப்படியே போட்டு வைக்கும், தேடும்போது அந்தத் துண்டுகளைப் பிரித்துப் படிக்கும். ஆறு மாத லாக்கில் ஒரு சொல்லைத் தேடச் சொன்னால் திணறும். ஆனால் உங்களிடம் வரும் புகார் எப்படி வரும்? ‘நேற்று மாலை போட்ட எல்.ஆர். ஈரோடு குடோனில் தெரியவில்லை.’ நாளும் தெரியும், நேரமும் ஏறக்குறையத் தெரியும். அந்த நாலு மணி நேரத்தில் உங்களுக்கு இருப்பது 2 ஜிபி, நெரிசல் நேரமானால் 10 ஜிபி. அதைப் படிப்பது லோக்கிக்குப் பெரிய வேலை இல்லை. ஆகவே லோக்கி.

இரண்டு எச்சரிக்கைகள். எல்.ஆர். எண்ணை லேபிளாக வைத்துவிடாதீர்கள். தேடுவதற்கு வசதி என்று எல்லாரும் முதலில் செய்யும் தவறு அது. ஒவ்வொரு லேபிள் மதிப்புக்கும் லோக்கி தனி ஓடை (வரிகளின் தனித் தொடர்) திறக்கும், எல்.ஆர். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓடை என்றால் ஒரே வாரத்தில் படுத்துவிடும். எண் வரிக்குள் ஒரு புலமாக இருக்கட்டும். இரண்டாவது, பழைய வழிகாட்டிகளில் லோக்கியோடு ப்ராம்டெய்ல் என்ற சேகரிப்பானைச் சேர்த்தே சொல்லியிருப்பார்கள். அதன் ஆதரவு 2026 மார்ச் மாதத்தோடு முடிவதாக லோக்கியை உருவாக்கிய கிராஃபானா நிறுவனமே அறிவித்துவிட்டது. அதன் இடத்துக்கு அல்லாய் வந்திருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர் ப்ராம்டெய்லை எடுக்கக் கூடாது.

உரிம விஷயத்தையும் கேட்டிருப்பீர்கள். 2021-ல் எலாஸ்டிக் தன் உரிமத்தை மாற்றியதும் அமேசான் பிரிந்துபோய் ஓப்பன்சர்ச்சை உருவாக்கியது. 2024-ல் எலாஸ்டிக் மறுபடியும் திறந்த உரிமம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. இந்தச் சண்டையில் பக்கம் எடுக்க நான் தயாரில்லை. வண்டியும் குடோனும் வேறு வேறு கையில் இருந்தால், குடோன்காரர் கோபித்துக்கொள்ளும் நாளில் வண்டியை வேறு குடோனுக்குத் திருப்பலாம். ஃப்ளூயன்ட் பிட்டில் அது அனுப்பும் பகுதியின் சில வரிகளை மாற்றும் வேலை.

எத்தனை நாள் வைத்திருப்பது என்பது உங்கள் விருப்பத்துக்கு விடப்படவில்லை. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, இந்தியாவில் இயங்கும் நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்கை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும், இந்திய எல்லைக்குள் வைக்க வேண்டும். குறிப்பிட்ட வகைப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் கணக்கில் 180 நாள் என்பது 2,160 ஜிபி. லாக் ஒரே மாதிரியான சொற்கள் திரும்பத் திரும்ப வரும் எழுத்து என்பதால் நன்றாகச் சுருங்கும்; பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால் சுமார் 216 ஜிபி. மும்பையில் இருக்கும் ஏதேனும் ஒரு ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (கோப்புகளைப் போட்டுவைக்கும் வாடகைச் சேமிப்பகத்தில்) போட்டால் மாதச் செலவு உங்கள் அலுவலக டீச் செலவைத் தாண்டாது. இதையே எலாஸ்டிக்சர்ச்சில் ஒரு நகலோடு 180 நாளும் வைத்தால் 4 டிபிக்கு மேல் டிஸ்க் பார்க்க வேண்டியிருக்கும்.

முதலாளி சொல்வது தவறில்லை. கட்டணச் சேவை எடுத்தால் குடோன் காவல் உங்கள் தலையில் விழாது, இரவில் தூங்கலாம். ஆனால் பெரும்பாலானவற்றில் பில் ஜிபி கணக்கில் வரும். யாராவது ஒருவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்னச் சின்ன விவரத்தையும் லாக்கில் கொட்டும் டிபக் நிலையைத் திறந்துவிட்டு ஊருக்குப் போனால், திங்கட்கிழமை காலை முதலாளியே உங்களைக் கூப்பிடுவார். கேட்பதானால் விலையோடு இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்: தரவு எந்த நாட்டில் இருக்கும், 180 நாள் வைக்க என்ன ஆகும். அப்படியே எடுத்தாலும் அவர்களுடைய சேகரிப்பானைப் பொருத்தாமல் உங்கள் ஃப்ளூயன்ட் பிட்டிலிருந்தே அனுப்புங்கள்.

எதைத் தேர்ந்தாலும், நேரடிப் பயன்பாட்டுக்கு விடுவதற்கு முன்னால் ஒரு மதிய நேரத்தை இந்தச் சோதனைக்கு ஒதுக்குங்கள். 1 முதல் 10 லட்சம் வரை வரிசை எண்ணை எழுதும் சிறு நிரலைப் பாட்டாக ஓடவிடுங்கள். வரிக்கு 200 பைட் இருக்கட்டும், ஒரு மணி நேரத்தில் முடியட்டும். அதாவது நொடிக்கு 278 வரி, மொத்தம் 200 எம்பி. பதினைந்தாவது நிமிடம் சேகரிப்பானுக்கும் லோக்கிக்கும் நடுவில் இருக்கும் வழியை அடைத்துவிடுங்கள். இருபத்தைந்தாவது நிமிடம் சேகரிப்பானின் பாட்டை ஈவிரக்கமில்லாமல் கொன்றுவிடுங்கள். குபர்நெட்டீஸ் அதை மறுபடி எழுப்பும். நாற்பத்தைந்தாவது நிமிடம் வழியைத் திறந்துவிடுங்கள். அந்த அரை மணி நேரத்தில் நிரல் எழுதியது 100 எம்பி, கோப்புச் சுழற்சியின் 50 எம்பி இடத்தைப் போல இரு மடங்கு. ஆகவே கோப்பை நம்பியிருக்கும் அமைப்பு இங்கே கட்டாயம் அகப்படும். முடிந்ததும் லோக்கியில் எண்ணிப் பாருங்கள். விடுபட்ட எண்கள் எத்தனை, இரண்டு முறை வந்த எண்கள் எத்தனை?

இரண்டு முறை வந்தால் கவலைப்படாதீர்கள். ‘வந்து சேர்ந்தது’ என்ற பதில் வழியில் தொலைந்தால் சேகரிப்பான் மறுபடி அனுப்பத்தான் செய்யும். அதுவும் ஒரே ஓடையில் ஒரே நேரமுத்திரையோடு ஒரே வரி வந்தால் லோக்கி இரண்டாவதை ஒதுக்கிவிடும். விடுபட்டிருந்தால் எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிகிறது என்று பாருங்கள். பதினைந்தாவது நிமிடம் சுமார் இரண்டரை லட்சம், இருபத்தைந்தாவது நிமிடம் நாலேகால் லட்சத்தைத் தொடும் எண். ஓட்டை எங்கே தொடங்குகிறது என்பதிலேயே, தவறு மறுமுயற்சியிலா படித்த இடக் குறிப்பிலா என்று தெரிந்துவிடும். நான் இந்தச் சோதனையைச் செய்த எந்த அமைப்பும் முதல் முறையில் தேறியதில்லை.

சேகரிப்பானால் முடியாத காரியம் ஒன்றும் இருக்கிறது. 14 சேவைகளின் லாக்கும் ஒரே இடத்தில் குவிந்த பிறகும், இந்த வரியும் அந்த வரியும் ஒரே எல்.ஆர். பற்றியவை என்று அதற்குத் தெரியாது. நுழைவுச் சேவையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அதை அடுத்தடுத்த சேவைகளுக்குத் கோரிக்கையின் தலைப்புப் பகுதியில் (ஹெடரில்) கடத்தி, எல்லா வரியிலும் எழுத வேண்டும். எல்.ஆர். எண்ணையும் தனிப் புலமாக எழுதுங்கள். ஒரு சேவை ‘எல்.ஆர். எண்’ என்றும் இன்னொன்று ‘பில்டி எண்’ என்றும் மூன்றாவது வெறும் ‘எண்’ என்றும் எழுதினால் பழைய நிலைமைதான். 14 சேவைகளை எழுதியவர்களையும் ஒரு மேசையில் உட்காரவைத்து ஏழெட்டுப் புலப் பெயர்களை முடிவு செய்யுங்கள். கருவியை நிறுவ இரண்டு நாள் ஆகும். இதற்கு இரண்டு வாரம் ஆகும்.

அதே மேசையில் எதை எழுதக் கூடாது என்பதையும் பேசிவிடுங்கள். ஓட்டுநரின் கைபேசி எண், உரிம எண், சரக்கு இறக்கும்போது சொல்லும் ஓடிபி. சேகரிப்பானில் வடிகட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் ஏதாவது ஒரு சேவை வேறு வடிவத்தில் எழுதி நழுவவிடும். 2018 மே மாதத்தில் ட்விட்டர், கடவுச்சொற்கள் மறைக்கப்படுவதற்கு முன்பே உள் லாக் ஒன்றில் எழுதப்பட்டுவந்ததைக் கண்டுபிடித்து, 33 கோடி பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. எழுதாத ஓடிபியை யாரும் திருட முடியாது.

கடைசியாகப் பழைய பில் சர்வர். அது ஆர்சிஸ்லாக் என்ற லாக் அனுப்பும் நிரல் வழியே யுடிபி என்ற நெட்வொர்க் முறையில் அனுப்பும்படி அமைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். யுடிபியில் அனுப்பியது வந்து சேர்ந்ததா என்று கேட்கும் வழியே கிடையாது. அந்தச் சர்வரிலேயே ஃப்ளூயன்ட் பிட்டை ஒரு சாதாரணத் தொகுப்பாக நிறுவி, கோப்பைப் படித்து அனுப்பச் செய்வது எளிது. ஆனால் அதற்கு முன் அந்தச் சர்வரின் நேரத்தைப் பாருங்கள். பழைய சிஸ்லாக் வடிவத்தில் மாதம், தேதி, மணி மட்டும்தான் இருக்கும். வருடமும் கிடையாது, எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பும் கிடையாது. புதிய வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் வரும். எல்லாச் சர்வர்களும் நேரத்தை என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களோடு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று மேலே சொன்ன அதே உத்தரவு கூறுகிறது.

உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். நுழைவுச் சேவையில் 20:40, பில் சர்வரில் 02:10. கண்டெய்னர்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதும், பழைய சர்வர் நம் நேரத்தில் எழுதுகிறது. 20:40-ஓடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள்.